நின்றுபோன தறிச்சத்தம்

சத்தியமங்கலத்துத் தியான முகாமுக்கு வந்தும் புவனாவின் காதில் பல்லடத்து விசைத்தறிகள்தான் ஓடின. கல்யாணமாகி வந்ததிலிருந்து ராப்பகலாகக் கேட்டுப் புளித்த சத்தம். அந்தச் சனியனைத் தொலைக்கத்தான் வந்திருந்தாள். அலுப்போடு மூச்சையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் எல்லாம் நின்றது. சத்தம் இல்லை, முதுகுவலி இல்லை, உடம்பே இல்லை. பஞ்சு போல வெளிச்சம் மட்டும் இருந்தது.

மறுகணம் பதறி எழுந்தவள், சுவரிலிருந்த சுவிட்சுகளையெல்லாம் அணைத்தாள். மின்விசிறிகள் நின்றன. எல்லோரும் கண்விழித்தார்கள்.

"என்னாச்சுங்க அம்மணி?" என்றார் ஆசிரியர்.

"கரண்டு போயிருச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க. மோட்டார நிறுத்தாம உட்டா, கரண்டு திரும்ப வாரப்ப நூலெல்லாம் அறுந்துபோகுமுங்க."

சிரிப்பு அடங்கியதும் மறுபடி உட்கார்ந்து கண்ணை மூடினாள். அவள் தலைக்குள் கரண்டு வந்துவிட்டிருந்தது. அத்தனை தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.