சத்தமில்லாத வண்டி

வீரையன் கியர் சைக்கிளை விட்டுவிட்டு எலக்ட்ரிக் சைக்கிளுக்கு மாறியதற்குக் காரணம் முழங்கால் வலி என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். வலி உண்மைதான். ஆனால் வலிக்காக மட்டும் என்றால் அவர் இன்னும் பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்திருப்பார். அவரை மாற்றியது தங்கமணியின் வயல்.

வீரையன் வாய்க்கால் லஸ்கர். பேராவூரணிக்கு மேற்கே, கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து போகும் பதினோரு கிலோமீட்டர் வாய்க்கால் அவர் பொறுப்பு. தலைப்பு மதகைத் திறக்க வேண்டும், வழியில் இருக்கும் ஷட்டர்களை ஏற்றி இறக்க வேண்டும், யாருக்கு முறையோ அவர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று கரையோடு போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் கரையில் மோட்டார் சைக்கிள் போனால் கரை உடையும். சாதா சைக்கிள் போனால் சேற்றில் புதையும். அதனால்தான் எட்டு வருஷத்துக்கு முன்பு தஞ்சாவூரில், தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கினார். அதில் இருபத்தொரு கியர் உண்டு என்று சொன்னார்கள். அவருக்குப் பிடிபட்டது இரண்டு. ஷட்டர் சுற்றும் இரும்புச் சாவியை நடுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சங்கிலி கிறீச்சிட, மட்கார்டு கடகடக்க, சாவி கம்பியில் இடிக்க அவர் போவது ஒரு சின்ன ஊர்வலம் போவது போலிருக்கும்.

போன முறையில் தண்ணீர் ஒன்பதாவது கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. வாய்க்கால் முடியும் கடைமடையில் தங்கமணிக்கு ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். கணவன் போன பிறகு அவளே நாற்று விட்டு, அவளே நடவாட்களோடு நின்று நட்ட சம்பா. கதிர் வெளியே வந்து, நிலம் கீறல் விடத் தொடங்கியிருந்தது. வீரையன் அன்று இரண்டாவது தடவை மிதித்து வந்து, காலை மடக்க முடியாமல் கரையில் உட்கார்ந்தார். தங்கமணி திட்டவில்லை. ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தண்ணி வரலன்னா என்னண்ணே, நீங்க வந்தீங்கல்ல. குடிங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த மோரைத்தான் வாங்க முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு முறைத் தண்ணீர்தான் பாக்கி. அதன் பிறகு மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். பால் பிடிக்கும் பயிர் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனால் போதாது, நான்கு தடவை போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார். உடனே தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் மகள் சுடர்விழிக்குப் போன் போட்டார்.

"அந்த பேட்டரி சைக்கிள் இன்னும் கடையில இருக்காம்மா?"

"ஹலோ, யாரு பேசறது? எங்கப்பா நம்பர்லேர்ந்து வருதே!" என்றாள் சுடர்விழி. அதை வாங்கச் சொல்லி ஒரு வருஷமாகக் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனவள் அவள்.

கடைசி முறை நான்கு நாள். முதல் நாள் காலையில் வீரையன் தலைப்பு மதகின் காலடியில் ஒரு செம்பருத்தியை வைத்தார். "தாயே, கடைசி வரைக்கும் வா" என்று கும்பிட்டுவிட்டு மதகைத் தூக்கினார். புது வண்டியின் நடுக் கம்பியில் பேட்டரி இருந்ததால் சாவியைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டியிருந்தார். பெடலை அழுத்தியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போலிருந்தது. மேட்டில்கூட முழங்கால் முனகவில்லை. வண்டியும் முனகவில்லை. வாய்க்கால் ஓரத்துக் கொக்குகூடத் தலை திருப்பவில்லை.

ஐந்தாவது கிலோமீட்டரில் தென்னந்தோப்பு வளைவு. அதைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் தமிழ்மாறன் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மண் மூட்டையை மார்போடு அணைத்தபடி, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்ப வாய்க்காலின் குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தார். கரையில் கூலியாட்கள் இரண்டு பேர். சுடர்விழிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த வாத்தியார். கோயில் திருவிழாவில் யாருக்கும் முன்னால் போய் நிற்காத மனிதர்.

"வீரையா... நீ எப்ப வந்த?"

"இப்பதான் சார்."

கூலியாட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாத்தியார் மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் போட்டார். வேறு யாராவது வருகிறார்களா என்று அவர் கரையின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்ததை வீரையன் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அன்றைக்கே இன்னும் மூன்று பேர் அப்படி அகப்பட்டார்கள். சாயங்காலத்துக்குள் வண்டிக்குப் 'போலீஸ் வண்டி' என்றும் அவருக்குக் 'கரண்ட் லஸ்கர்' என்றும் பெயர் வந்துவிட்டது.

மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. மேல்மடைக்காரர்கள் முறை முடிந்ததும், வயலுக்குத் தண்ணீர் பிரியும் அவரவர் மடையை அவரவரே மண் வைத்து அடைப்பது வழக்கம். அப்படி நாற்பத்திரண்டு மடை. அன்று ஒன்றுகூட அடைக்கப்படவில்லை. யாரும் வாய்க்காலை மறிக்கவில்லை. எல்லோரும் மடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வீட்டிலிருந்தார்கள். வழியில் தென்பட்ட ஒரே ஆள் அன்பரசன். முதல் நாள் அகப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

"என்னங்க இது, முறை முடிஞ்சும் மடை தொறந்து கெடக்கு?"

"மறிச்சாத்தானே தப்பு? தொறந்து கெடக்கறதுக்கும் கேஸ் உண்டா? உங்க வண்டிதான் ஸ்பீடாப் போவுதே, நீங்களே அடைச்சிக்குங்க."

வீரையன் அடைத்தார். இறங்கி, மண் வெட்டிப் போட்டு, ஏறி, மறுபடி இறங்கி. நான்கு நடை போனார். வண்டி களைக்கவில்லை, கைதான் களைத்தது. தண்ணீர் ஏழாவது கிலோமீட்டரில் நின்றது. பழைய சைக்கிளில் ஒன்பது வரை போனது நினைவுக்கு வந்தது.

"நாலு பேரையும் ஆபீசுக்கு எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி பொன்னுத்தாய். "பயம் இருந்தாத்தான் மடைய அடைப்பாங்க."

அவர் எழுதினார். நான்கு பெயர். முதலில் எழுதியது வாத்தியார் பெயர். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் பாலத்தடியில் இருக்கும் நஜ்மாவின் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். நஜ்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அய்யோ, வந்துட்டீங்களா? இருங்கண்ணே, இனிமேதான் பால் வைக்கணும். மூணு நாளா இதே கதையாப் போச்சு."

"ஏன், முன்னாடியெல்லாம் வந்ததும் டீ தயாரா இருக்குமே?"

"உங்க பழைய வண்டி புளியமரத்துக்கிட்ட திரும்பும்போதே டணங் டணங்னு கேட்டுடும். உடனே பால அடுப்புல வைப்பேன். நீங்க வந்து சேரவும் பொங்கவும் சரியா இருக்கும்." நஜ்மா சிரித்தாள். "நான் மட்டுமா? வாய்க்கா நெடுக எல்லாரும் அத கேட்டுத்தான் உஷாராவாங்க. அடைச்சவன் எடுப்பான், தொறந்தவன் மூடுவான். நீங்க வரும்போது எல்லாரும் நல்லவங்களா நிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எட்டு வருஷமாகத் தன் வாய்க்காலில் தப்பு நடப்பதில்லை என்று அவர் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். தப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. தானாகத் திருத்திக்கொள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம் கிடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிஷத்தில் தலைகுனியாமல் நல்லவனாகிவிடலாம். அதை ஒரு ஓட்டைச் சைக்கிள் ஊருக்கெல்லாம் தர்மமாகக் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் அதைப் பிடுங்கிவிட்டார்.

டீயோடு நஜ்மா வைத்த வடையைத் தின்று முடித்தார். சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, விரல் எண்ணெயை அதில் அழுத்தித் துடைத்து, குப்பைக் கூடையில் போட்டார்.

"நஜ்மா, காலி பால் பவுடர் டப்பா ரெண்டு இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"வண்டியில கட்ட."

"கல்யாணக் காருக்கா?" என்றாள் அவள். ஆனாலும் கயிற்றோடு எடுத்துக் கொடுத்தாள்.

சாக்கைப் பிரித்துச் சாவியை வெளியே எடுத்து, டப்பாக்கள் இரண்டையும் அதனோடு சேர்த்து ஹாண்டில்பாரில் தொங்கவிட்டார். வண்டி நகர்ந்ததும் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

வேகத்தைக் குறைத்தே போனார். தூரத்தில் ஒரு தலை நிமிர்வது தெரியும், மண்வெட்டி மின்னும், அவர் போய்ச் சேரும்போது மடையில் புதுச் சேறு ஈரமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சௌக்கியங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீரையன் கடந்துபோவார். அன்பரசன் மடை கூட மூடியிருந்தது. "என்னங்க, போலீசு வண்டி சைரன் போட்டுக்கிட்டு வருது?" என்று கத்தினார் அன்பரசன். "திருடனுக்கு வழி விடத்தாங்க" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, வீரையன் பெல்லை ஒரு தடவை அடித்தார்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் எட்டாவது கிலோமீட்டரைத் தாண்டியது. இனி ஒன்பதாவதில் இருக்கும் கடைசி ஷட்டரைத் தூக்க வேண்டும். நேரத்தில் தூக்காவிட்டால் தண்ணீர் தேங்கி, பக்கத்து வடிகாலில் வழிந்து வீணாகிவிடும். நாலாவது நடையாக விரைந்தவருக்குத் தென்னந்தோப்பு வளைவில் வண்டி செத்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும், சேற்றில் ஓடிய பேட்டரி தாங்கவில்லை. கடைக்காரன் சொன்ன கணக்கு தார் ரோட்டுக்கு உரியது. பேட்டரி இல்லாத வண்டியை மிதிப்பது நெல் மூட்டையை மிதிப்பது போலிருந்தது. முழங்கால் 'சுளீர்' என்றது. இறங்கித் தள்ளினார். டப்பாக்கள் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

வாத்தியார் மோட்டார் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். இரண்டு நாளாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவர்.

"என்ன வீரையா, கரண்ட் வண்டிக்கும் மூச்சு வாங்குதா?"

"ஆமாங்க சார். ஒம்பதாவது ஷட்டருக்குப் போயாவணும். நடந்தே போயிடறேன்."

"அந்தக் காலை வச்சிக்கிட்டா? உள்ள பிளக் இருக்கு. போடு."

வீரையன் தயங்கினார். "சார், விவசாயத்துக்குக் குடுத்த இலவச கரண்டு. இதுல வண்டிக்குப் போடக்கூடாதுங்களே. யாராவது பாத்தா..."

வாத்தியார் அவரை நேராகப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக.

"அன்னிக்கு நான் புடிபட்டேன். இன்னிக்கு ஒரு தடவை நீ புடிபடேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் நின்றது வாத்தியார் சிரிப்பு. "என் வயலும் காயுதுய்யா" என்றார் மெதுவாக. "அதனால செஞ்சேன். செஞ்சிருக்கக்கூடாது." வீரையன் பையிலிருந்த சார்ஜரை எடுத்து பிளக்கில் செருகினார். அன்று அந்த மனிதர் திரும்பிப் பார்த்தது போலவே இப்போது தானும் கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. யாரும் பெரிய யோக்கியன் இல்லை, ஒருவருக்கொருவர் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வாழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"நீ உக்காரு. கீழ இருக்கற மடையெல்லாம் நான் பார்த்துக்கிட்டுப் போறேன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாத்தியார் கரையில் நடந்தார்.

அரை மணி நேரம் கழித்து வீரையன் புறப்பட்டபோது, வழியில் ஒரு மடையிலும் கசிவு இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் ஒரு மடையை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்த வாத்தியார், நிற்காமல் போகும்படி கை காட்டினார். ஒன்பதாவது ஷட்டரில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாவியை மாட்டினார். நாற்பது சுற்று. பலகை ஏறியதும் தண்ணீர் நுரையோடு, சருகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு, காய்ந்த வாய்க்காலில் இறங்கியது. அவர் அதன் பக்கத்திலேயே, அதன் வேகத்துக்கே வண்டியை ஓட்டினார்.

வெயில் சாயும் நேரத்தில் கடைமடை வந்தது. தங்கமணி தன் மடையை ஏற்கெனவே வெட்டித் திறந்து வைத்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி நின்றிருந்தாள்.

"தண்ணி வரும்னு எப்படித் தெரியும்?" என்றார் வீரையன்.

"டணங் டணங்னு கேட்டுச்சேண்ணே."

தண்ணீர் அவள் காலைத் தொட்டு, ஒரு கணம் சுழன்று, வயலுக்குள் திரும்பியது. கீறல் விட்டிருந்த மண் குமிழ் விட்டுக் குடித்தது. தங்கமணி குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உக்காருங்கண்ணே, மோர் கொண்டாறேன்."

"நாளைக்கு வந்து குடிக்கறேம்மா. வாத்தியாரு எட்டாவது கிலோமீட்டர்ல மண்வெட்டியோட நிக்கறாரு. தண்ணி சேந்துடுச்சின்னு அவருட்ட சொல்லணும்."

வண்டியைத் திருப்பினார். கயிறு தளர்ந்து தொங்கிய டப்பாவை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார்.