முப்பத்திரண்டு ஆம்பியர்

மணியம்மாவின் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து மழையில் நின்று கத்திரியால் கொழுந்து வெட்டிய கை. ஹீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் குளித்தும் வலி அடங்கவில்லை. தலைத்துண்டோடு சமையலறைக்கு வந்து, பக்கத்து வீட்டுக்கும் பொதுவான பலகைச் சுவரில் மணிக்கட்டை அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கரண்டுச் சட்டியில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டையும் போட்டுவிடுவது அவள் கணவன் சிங்காரத்தின் வழக்கம். தேயிலை ஆலையில் அவனுக்குக் காலை ஷிப்டு. அவளுக்கு முன்பே வீடு திரும்பிவிடுவான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அதே வரிசையில் மூன்றாவது வீட்டு பார்பராவின் மகள் ஃபியோனா, ரொட்டிப் பையோடு வந்தாள். தானா ராத்தா டவுனில் வயரிங் வேலை செய்கிறாள், லைசென்ஸ் வைத்திருப்பவள்.

"என்னா ஆன்ட்டி, சுவத்துக்கிட்ட ரகசியம் பேசுறீங்க?"

"ரகசியம் இல்லடி, ஒத்தடம். கைய வச்சுப் பாரேன். பக்கத்து வீட்டு அடுப்புச் சூடு, இந்தப் பக்கமும் வருது."

ஃபியோனா சிரித்துக்கொண்டே கையை வைத்தாள். சிரிப்பு நின்றது. பலகை ஓரமாக மூக்கைக் கொண்டுபோனாள். கரிந்த வாடை. வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சைத் தட்டினாள். கெட்டில் அடங்கியது. மழை இருட்டு வீட்டுக்குள் வந்தது.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட டார்ச்சு வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்லா!"

மணியம்மா போனதும் ஃபியோனா தன் கைப்பேசி வெளிச்சத்தில் பலகை ஒன்றைப் பெயர்த்தாள். உள்ளே வயரின் மேல்தோல் உருகி மரத்தோடு ஒட்டிக்கிடந்தது. பலகையின் உட்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கரிந்திருந்தது. மணியம்மா தினமும் கை வைக்கும் இடம் அதற்கு நேர் மேலே.

கரண்டு போனதும் உள்ளேயிருந்து வந்த சிங்காரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபியோனா சுவிட்சுப் பெட்டியைத் திறந்தாள். "அங்கிள், இந்த பிரேக்கர யார் போட்டது?"

"நான்தான்."

"முப்பத்திரண்டு ஆம்பியரா?"

"பத்து ஆம்பியர்தான் இருந்திச்சு. மணி குளிக்கும்போது பாதியில விழுந்து கரண்டு போயிரும். மேலெல்லாம் சோப்போட பச்சைத் தண்ணியில நடுங்கிக்கிட்டு நிப்பா. ஆலையில காத்தாடியோட பிரேக்கர் விழுந்தா ஃபிட்டர் பெருசா ஒண்ணு மாட்டுவாரு, ஓடும். அந்த மாதிரிதான்..."

"அங்க பெருவெரல் மொத்தத்துக்கு வயரு ஓடுது அங்கிள். இது ஒன்றரை சைசு, மெல்லிசு வயரு. லைட்டுக்கு இழுத்தது. அதுலயே ஹீட்டரு, கெட்டிலு, சோத்துச் சட்டி எல்லாத்தையும் சேத்துக் குடுத்திருக்கீங்க. பிரேக்கர் ஹீட்டரக் காப்பாத்த இல்ல, வயரக் காப்பாத்த. வயரு தாங்காதுன்னா அது விழணும். விழுந்துச்சே, நல்ல பிள்ளையா! அதப் போயி கழட்டிட்டீங்களே."

"அப்ப ஹீட்டரு?"

"அதுக்குத் தனி லைன். பெட்டியிலேர்ந்து நாலு சைசு மொத்த வயரு இழுத்து, இருபது ஆம்பியர் பிரேக்கர். கரிஞ்சதையும் மாத்தணும். வியாழக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் இந்த லைன்ல ஒண்ணும் போடாதீங்க." முப்பத்திரண்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிருங்க."

மணியம்மா டார்ச்சோடு வந்தாள். கரிந்த பலகையைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நான்தான். சுகமா இருக்குன்னு அரை மணி நேரம் ஊத்திக்கிட்டே நின்னேன். பாவம், அது எவ்வளவுதான் தாங்கும்? வீட்டையே எரிச்சிருப்பேன்."

ஃபியோனா சிங்காரத்தைப் பார்த்தாள். அவன் பிரேக்கரைக் கால்சட்டைப் பைக்குள் போட்டான்.

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் மணியம்மா வேலை முடிந்து வரும்போது, கேஸ் அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சிங்காரம் அதைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கை வைத்துச் சூடு பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து வாளிக்குள் அமிழ்த்தினான்.

"நீங்க ஏன் இதெல்லாம்? ஆலையில நின்னுட்டு வந்த காலு."

"சும்மா வையி. வெரல மடக்கு. இப்ப நீட்டு."

அவள் மடக்கினாள், நீட்டினாள். அவன் கட்டைவிரலால் நரம்போடு நீவிவிட்டான். வீங்கியிருந்த இடம் சிவந்து தெரிந்தது.

"இனிமே ஹீட்டரு போட்டா ரெண்டே நிமிஷந்தான்," என்றாள் மணியம்மா. "சத்தியமா. ஆசப்பட்டுக் கெடுத்தவ நான்."

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தில் பயம் இருந்தது, வெட்கமும் இருந்தது. இரண்டும் அவனுக்கு இருக்க வேண்டியவை. வாயைத் திறந்தான்.

"சூடு போதுமா?" என்றுதான் வந்தது.

"போதும்."

வியாழக்கிழமை ஃபியோனா வந்து புது வயர் இழுத்தாள், இருபது ஆம்பியர் பிரேக்கர் போட்டாள், பலகையையும் மாற்றினாள். அன்று மணியம்மா இரண்டு நிமிடத்தில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள். இன்றும் அப்படித்தான் வருகிறாள். தப்பு அவளுடையது இல்லை, தான் செய்தது என்று அவளிடம் சொல்ல வேண்டியது சிங்காரத்துக்கு இன்னும் பாக்கி.