முதல் மூட்டைக்கு லாபம்

மூட்டை எண்ணும்போது நாங்கள் ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. உத்திரமேரூர் நெல் மண்டியில் லாரி ஏறும் முதல் மூட்டைக்கு ‘லாபம்’ என்று குரல் கொடுப்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. எனக்கு அந்தக் குரல் கொடுக்கிற வேலை. தெருமுனை வரைக்கும் கேட்கும். வீட்டிலும் அதே குரலில் பேசுகிறேன் என்பது என் மனைவி இளவரசியின் புகார்.

அவள் செங்கல்பட்டு சாலையில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் புல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஆட வருகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, மட்டை எடுத்துக் கொடுத்து, எத்தனை அடி ஆயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்கிற ஆளுக்குக் கேடி என்று பெயர். தலையில் பச்சைத் தொப்பி போட்டிருப்பார்கள். பெண்களையும் எடுக்கப் போகிறார்கள், மேனேஜரோடு ஒரு ஆட்டம் நடந்து காட்ட வேண்டும் என்று தெரிந்ததும் இவள் பெயர் கொடுத்துவிட்டாள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று, நிமிர்ந்து நடக்கிற வேலை ஒன்று பார்த்துவிட வேண்டும் என்றாள். அதைத் தவிர அவள் என்னிடம் எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

மானாம்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், அறுப்பு முடிந்த வயலில் பயிற்சி ஆரம்பித்தோம். ஆடுகிற துரை நான். கையில் வேலிக் கம்பு, ஒரு ரப்பர் பந்து.

“மொதல்ல பந்து வெக்கிற எடம் டீ. அந்தாண்ட குழி கீது பாரு, அத்த சுத்தி கிரீன். நடுவுல கீறது ஃபேர்வே,” என்றாள்.

“வூடு கட்ட கொட்டி வெச்ச மணலு?”

“அது பங்கர். அதுல வுழுந்தா பேஜாரு. இந்தக் குழி பார் நாலு. நாலு அடில உள்ள போட்டா சரி. ஒண்ணு கொறஞ்சா பேர்டி, ஒண்ணு கூடுனா போகி.”

“கொறஞ்சாதான் ஜெயிப்பா? இன்னாமே ஆட்டம் இது.”

“நீ அடி மாமா.”

அடித்தேன். அடிக்கும்போதே மண்டிக் குரலில் எண்ணினேன். அவளும் சேர்ந்து எண்ணினாள். இருட்டும்வரை ஆடினோம், பந்து குழிக்குள் போன பாடில்லை.

பரீட்சைக்குப் போனவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“மேனேஜரு மட்டைய ஓங்கிக்கினு கீறாரு. எறக்குற நேரத்துல ‘லாபம்’னு கத்திட்டன் மாமா. பந்து கொளத்துக்குப் பூடுச்சி.”

மட்டை ஓங்கினால் பக்கத்தில் மூச்சுகூடப் பெரிதாக விடக் கூடாதாம். அந்த ஆட்டத்தின் முதல் பாடமே அதுதான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நான் பழக்கிவிட்ட பழக்கம். அடுத்த வாரம் இன்னொரு தடவை, அதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுபடியும் வயலில் இறங்கினோம். இந்த முறை பேச்சே கிடையாது. நான் அடிக்க வேண்டும், அவள் மனசுக்குள் எண்ண வேண்டும், பந்து நின்ற பிறகு மெதுவாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் கம்பை ஓங்கினாலே வாய் தானாகத் திறந்தது. ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் புல் வாசனை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அந்த வாரம் சிரித்த மாதிரி சிரித்ததில்லை.

அவள் போன அன்று மண்டியில் எனக்கு வேலையே ஓடவில்லை. காலை லாரி போய், சாயங்காலம் அடுத்தது வந்து நின்றது. மோகன்குமார் முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகையில் கால் வைத்தான். நான் வாயைத் திறந்தேன். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற நினைப்பில், அவள் கை வாயைப் பொத்தின மாதிரி சத்தம் வரவில்லை.

“எண்ணுண்ணே. முதுகு போவுது,” என்றான்.

“லாபம்.”

என் குரல் இல்லை அது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பினேன். பச்சைத் தொப்பியோடு இளவரசி நிமிர்ந்து நின்றிருந்தாள்.

“மீதிய நீ எண்ணு மாமா,” என்றாள்.

ரெண்டாவது மூட்டை என்னைத் தாண்டிப் போயிற்று. நான் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் அவளே எண்ணினாள்.