சாம்பல் வாளி

யுஸ்தீனா ஏப்புக்குக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு ஒன்றுதான் பாக்கி. ஓலை வாசித்த பெண்ணும் பையனும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எங்கள் சபையில் விடமாட்டார்கள். வண்டியைப் பூட்டிக்கொண்டு சபையார் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்க வேண்டும். போன வீட்டிலெல்லாம் வாற்கோதுமைக் காபி, போன வீட்டிலெல்லாம் ஒன்றின் தலையில் இன்னொன்றைக் குந்தவைத்துச் சுட்ட வெண்ணெய் ரொட்டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்காரி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். ருஷ்யாவிலிருந்து கப்பலேறி இந்தக் கான்சாஸ் புல்வெளிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மண் மாறியது, காற்று மாறியது, இந்த வழக்கம் மட்டும் துளியும் மாறவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு வீடு முடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. ஓடைக்கு அந்தப் பக்கம், மார்கரேத்தா வீன்ஸ் தனியாக இருக்கும் மண்கட்டி வீடு. மாப்பிள்ளை கொர்நேலியு ஹார்டர் குதிரையைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பப் பார்த்தான்.

"வீன்ஸ் பெரியம்மா வீடு இருக்கே" என்றாள் யுஸ்தீனா.

"அங்க போக வேணாம்னு அம்மா சொன்னாங்க."

"வழக்கம் என்ன சொல்லுது?"

"வழக்கம் ஆயிரம் சொல்லும். இனி ஒரு ரொட்டி உள்ள போனா நாளைக்கு என்னைக் கோவிலுக்கு உருட்டிட்டுத்தான் போகணும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. குதிரை ஓடைப் பக்கம் திரும்பியது.

அந்த வீட்டுக்கு யாரும் போகாமல் ஏழு மாசம் ஆகிறது. போன வருஷம் அக்டோபரில் நடந்தது அது. மழை இல்லாமல் புல்லெல்லாம் சருகாக நின்ற சமயம். எங்கள் அடுப்பில் எரிப்பது முறுக்கிய புல்லும் காய்ந்த சாணமும்தான்; அந்தச் சாம்பலுக்குள் கங்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கும். அதனால் ஊரில் ஒரு கண்டிப்பு. சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் ஊற்றி, செங்கல் அறையில் கொட்டிப் பூட்ட வேண்டும். மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யுஸ்தீனாவுக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் வந்தவள், சாலையில் கொர்நேலியுவின் வண்டி வருவதைப் பார்த்துவிட்டாள். முன்கட்டுத் துணியெல்லாம் கரி, மூக்கு நுனியில் கரி. இந்தக் கோலத்திலா அவன் பார்ப்பது? வாளியை வேலிக்கு அந்தப் பக்கம், அவன் நிலத்துப் புல்லிலேயே கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடி முகம் கழுவினாள். அவ்வளவுதான். மூக்கு நுனிக் கரி ஒன்றுக்காக.

அவன் உள்ளே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே வெளியில் புகை. சாயங்காலத்துக்குள் கொர்நேலியு அறுத்து அடுக்கியிருந்த கோதுமைப் போர் ஆறும், கொட்டகையும், உள்ளே கட்டியிருந்த சினைக்குதிரையும் போய்விட்டன. குதிரை கத்தியதை அரை மைல் தூரத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

அன்றிரவே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் டீட்ரிக் வீன்ஸ் திறந்துவிட்டான். மார்கரேத்தாவின் ஒரே பையன். சபைக்குத் தெரியாமல் புகைக்குழாய் பிடிக்கிறவன், அது ஊருக்கே தெரியும். "நான் அந்த வழியாத்தான் போனேன். குழாயத் தட்டினேன். மிதிச்ச மாதிரிதான் ஞாபகம். சரியா மிதிக்கலையோ என்னவோ" என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். பாவி, அவன் அப்படியே நம்பிவிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி தானாக வந்து தோளில் ஏறிக்கொண்டது.

மறுநாள் காலையில் யுஸ்தீனா வேலி ஓரம் போய்ப் பார்த்தாள். வாளியைக் காணவில்லை. சாம்பல் அறையில் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கத் துணிவில்லை.

சபை கூடியது. மூப்பர் பூலர், "பயிரைப் பறிகொடுத்தவன் நீ. உனக்கு எதாவது சொல்றதுக்கு இருக்காப்பா" என்று கொர்நேலியுவிடம் கேட்டார். அவன் எழுந்து நின்று, தலை குனிந்தபடி, "அவன நான் மன்னிச்சிட்டேன்" என்றான். பெண்கள் பக்கம் ஒரு கண்கூட உலரவில்லை. இப்படி ஒரு பிள்ளையா என்று ஊரே மூன்று மாசம் பேசியது. ஆனால் மன்னிப்பு வேறு, ஒழுங்கு வேறு. திருட்டுத்தனமாகப் புகைத்துத் திரிந்ததற்கும் தீ வைத்ததற்கும் சேர்த்து டீட்ரிக்கைச் சபையை விட்டு விலக்கினார்கள். விலக்கப்பட்டவனோடு யாரும் ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. மூன்று வாரம் மாட்டுக் கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தான். பிறகு மேற்கே தண்டவாளம் போடும் வேலைக்குப் போய்விட்டான்.

யுஸ்தீனா? நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே கிறிஸ்துமஸ் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு கொர்நேலியு பெண் கேட்டு வந்தான். அதற்குப் பிறகு சொல்வதா? மன்னிக்கத் தெரிந்தவன்தான், ஆனால் பெண்டாட்டியாக வரப்போகிறவளே தன் குதிரையை எரித்தவள் என்றால் எந்த மனுஷன் தாங்குவான்? அவனை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவன்மேல் உயிராக இருந்தாள். அந்த உயிர்தான் வாயைக் கட்டிப்போட்டது.

மார்கரேத்தா வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன். ஆனாலும் ரொட்டி சுட்டு வச்சேன். வராத விருந்தாளிக்குச் சுடறதுல இப்ப நான் கைதேர்ந்தவ."

மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலி சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. யுஸ்தீனா ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள்.

"டீட்ரிக் கடுதாசி போட்டிருந்தான்" என்றாள் மார்கரேத்தா. "கொர்நேலியுவுக்கு வேற குதிரை கெடச்சுதான்னு கேட்டிருந்தான். தூக்கத்துல அந்தக் குதிரை கத்தறது கேக்குதாம். நல்ல குதிரைதான் பூட்டியிருக்கான்னு இன்னிக்கே எழுதிடறேன். கொஞ்சம் நிம்மதியாத் தூங்கட்டும்."

கொர்நேலியு கோப்பையைக் கீழே வைத்தான். காபி தட்டில் சிந்தியது.

கிளம்பும்போது மார்கரேத்தா உள்ளே போய்ச் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்தாள். "கல்யாணத்துக்குக் குடுக்க வேற ஒண்ணும் இல்லப்பா. அவனுக்குன்னு பின்னினது. கடுதாசின்னா எப்படியும் தேடிப் போயிடும்; பொட்டலத்த எந்த விலாசத்துக்கு அனுப்ப, மாசத்துக்கு ஒரு கூடாரம் மாத்தறான். நீயே போட்டுக்க. எம்புள்ளய மன்னிச்சவன் நீ ஒருத்தன்தான்."

வண்டி ஓடையைத் தாண்டியதும் யுஸ்தீனா, "நிறுத்துங்க" என்றாள்.

அவன் நிறுத்தினான்.

"டீட்ரிக் தீ வைக்கல. நான்தான் வச்சேன். சாம்பல வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினது நான். நீங்க வர்றதப் பாத்துட்டு மூஞ்சி கழுவ ஓடினேன்." ஏழு மாசம் வராதது இரண்டு மூச்சில் வந்துவிட்டது. "இப்ப இறக்கி விடணும்னா விட்டுடுங்க. நடந்து போயிக்கறேன்."

அவன் கடிவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். தீ அணைக்க ஓடினப்ப வாளி புல்லுல கெடந்துச்சு. அங்கருந்துதான் கருகல் ஆரம்பிச்சிருந்தது. வாளிய எடுத்து ஆணில மாட்டினது நான்தான். அந்த எடத்த மண்வெட்டியால கொத்தியும் விட்டேன்."

அவனை இழந்துவிடுவோம் என்று பயந்தவளுக்கு, அவன் கைவிட்டுப் போகவே இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்ப, சபையில எழுந்து நின்னு அவன மன்னிச்சிட்டேன்னீங்களே."

"உனக்காகத்தான்."

"அவன் செய்யாததுக்கு அவன மன்னிச்சீங்க. ஊரே அழுதுச்சு. நானும் அழுதேன்."

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? உன்னக் கொட்டகையில ஒக்காரவச்சு சோறு போடச் சொல்றியா? எனக்கு மனசு வரல." அவன் குரல் உடைந்தது. "நாளைக்கு மூணாவது ஓலை. அது முடியட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்."

"அப்புறம் அப்புறம்னுதான் ஏழு மாசம் போச்சு. நாளைக்கு என் பங்க நான் சொல்லிடுவேன். உங்க பேர எடுக்கமாட்டேன். உங்க பங்கு உங்க பாடு."

மீதித் தூரத்தை நடந்தே போனாள். அவன் வண்டியைப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான், வீடு வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே திருநாள். வருஷத்தில் இரண்டே தடவைதான் திருவிருந்தும் கால் கழுவுதலும். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் காலை இவர் கழுவ வேண்டும், இவர் காலை அவர் கழுவ வேண்டும். மனத்தாங்கல் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தொடக் கூடாது. மார்கரேத்தா வீன்ஸ் ஏழு மாசமாகக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறவள். அன்று நேராக நடந்துவந்து யுஸ்தீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று வீட்டுக்கு வந்த பிள்ளை அல்லவா என்ற உரிமை. யுஸ்தீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

மரத்தொட்டி வந்தது. மார்கரேத்தா முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, அவள் காலைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"பெரியம்மா, தொடாதீங்க" என்றாள் யுஸ்தீனா. மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். அந்த அமைதியில் கடைசி பெஞ்சு வரை கேட்டது. "அந்தத் தீ என்னோட தீ. சூடு ஆறாத சாம்பல நான்தான் புல்லுல கொட்டினேன். டீட்ரிக் மேல ஒரு தப்பும் இல்ல."

மார்கரேத்தாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"எப்பலருந்து தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே தெரியும் பெரியம்மா."

"அவன் மாட்டுக் கொட்டகையில தட்ட மடியில வச்சுத் தின்னானே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அந்த அம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று யுஸ்தீனாவுக்கு இருந்தது.

மூப்பர் பூலர் பாவம், வயசானவர், வழக்கத்தைத் தவிர வேறெதையும் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர். ஆண்கள் பக்கம் திரும்பி அதே பழைய கேள்வியைக் கேட்டார். "கொர்நேலியு, பறிகொடுத்தவன் நீ. உனக்கு எதாவது சொல்றதுக்கு இருக்காப்பா?"

ஊரே அவனைப் பார்த்தது. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் புகழ் இன்னொரு முழம் வளரும், பெண்ணும் கிடைப்பாள். யுஸ்தீனா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கொர்நேலியு எழுந்தான். வெறுங்கால். கையில் கழற்றிய சாம்பல் நிறக் காலுறை இரண்டும்.

"மன்னிக்கறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு" என்றான். "அவ வாளிய எடுத்து மறைச்சு வச்சவன் நான். டீட்ரிக் செய்யலன்னு தெரிஞ்சுதான் அவன மன்னிச்சேன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் அழுதீங்க. நான் உங்களத் தடுக்கல."

யாரோ இருமினார்கள்.

அவன் நடந்தான். ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கம் எந்த ஆணும் வந்ததில்லை, எங்கள் சபை தோன்றிய நாளிலிருந்து. நேரே வந்து மார்கரேத்தாவின் முன் நின்று, காலுறைகளை நீட்டினான்.

"இது என் காலுக்கு இல்ல பெரியம்மா."

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்து, துடைத்து, சாவகாசமாக எழுந்தாள். அவள் அடிப்பாள் என்றுதான் யுஸ்தீனா நினைத்தாள். அடிக்கவில்லை. காலுறைகளை வாங்கவும் இல்லை.

"எங்கிட்ட எதுக்கு நீட்டற? எந்தக் காலுக்குப் பின்னினேனோ அந்தக் கால்ல கொண்டுபோய்ப் போடு. கூட்டிட்டு வா."

"இன்னிக்கே போறேன்."

மூப்பர் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்த மூன்றாவது ஓலையை எடுத்துப் பார்த்தார். பிறகு மடித்து மறுபடி உள்ளேயே வைத்துவிட்டார். கொர்நேலியு வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். யுஸ்தீனா இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, ஆனால் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஏழு மாசத்தில் அவள் அவனை இவ்வளவு ஆசையோடு பார்த்ததே இல்லை. பார்க்கத் தனக்கு அருகதை உண்டா என்பதும் தெரியவில்லை.

மார்கரேத்தா தொட்டியைக் குனிந்து தூக்கினாள். யுஸ்தீனா எழுந்து ஒரு பக்கம் பிடிக்கப் போனாள்.

"நீ உக்காரு" என்றாள் அந்த அம்மாள். "எம்புள்ள வந்து எம் மேஜையில உக்காந்து திங்கட்டும். அதுக்கப்புறம் உன் காலைக் கழுவலாமா வேணாமான்னு பாக்கறேன்."

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்த் தண்ணீரைப் புல்லில் கொட்டினாள். யுஸ்தீனா காலுறை இல்லாத காலோடு, ஆராதனை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.