எர்த் குழிக்குத் தண்ணீர்

பத்து மணி இருபது. பதினொன்றுக்குள் இன்னும் எத்தனை வாளி ஊற்ற முடியும், பைப்பில் நூலாகத்தான் வருகிறது, ஒரு வாளி நிறைய மூன்று நிமிடம்... எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் கடலூரிலிருந்து கிளம்பிவிட்டாராம், சக்கரபாணி போனில் சொன்னார், இந்தப் பீங்கான் கம்பெனி அவருடையது, குரலில் பதற்றமே இல்லை, "ரிப்போர்ட்டுல ஒங்க கையெழுத்துதாங்க இருக்குது, நீங்களே பதில் சொல்லிடுங்க" என்று மட்டும். பழமலைநாதன் எர்த் கம்பி புதைத்த குழியின் சிமெண்ட் மூடியைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டாவது வாளியைக் கவிழ்த்தார். பீங்கான் சில்லு கலந்த சித்திரை மண், சத்தத்தோடு குடித்தது. வந்தவுடன் எர்த் டெஸ்டரை மாட்டிப் பார்த்தபோது முள் நாற்பத்தாறு ஓமில் நின்றது. எர்த் அளந்ததாகக் கொடுத்த ரிப்போர்ட்டில் இரண்டு. இரண்டாக இருந்தால் மிஷினில் கசியும் கரண்டு மண்ணுக்குள் இறங்கி ஃபியூஸ் போய்விடும், நாற்பத்தாறாக இருந்தால் அது மிஷினிலேயே நிற்கும், யாராவது தொடும்வரை நிற்கும்... திங்கட்கிழமை தொட்டவள் பெயர் பிரபா. களிமண் பிசையும் மிஷின், வலது கை, இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை, போனால் ஒப்புக்கொண்டதுபோல ஆகுமா, போகாவிட்டால் என்னவாக ஆகும்?

கல்லுப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் குழிக்குள் கொட்டினார். இன்ஸ்பெக்ஷன் என்றால் காலையிலேயே குழிக்கு உப்பும் தண்ணீரும் விடுவது எல்லோரும் செய்வதுதான், இதில் என்ன குற்றம், ஈரம் இருந்தால் முள் இறங்கும், இறங்கினால் எர்த் சரி, எர்த் சரியென்றால் தப்பு அந்தப் பெண்ணுடையது, ஈரக் கையோடு தொட்டாள் என்று எழுதுவார்கள், எழுதட்டுமே... இல்லாவிட்டால் கலியமூர்த்தி தலையில் போடலாம். இங்கே ஒயரிங் செய்தது அவன்தானே. கலியமூர்த்திக்கு வேலை தெரியும், லைசென்ஸ் இல்லை. இவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஏணியில் ஏறி ஆறு வருடமாகிறது. மூன்று முறை எழுதித் தேறிய லைசென்ஸ், கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது, அது போனால் ஐம்பத்து நான்கு வயதில் யாரிடம் போய் நிற்பது? பொங்கலுக்கு ஒரு கட்டு, ஆடிக்கு ஒரு கட்டு, வெற்று ரிப்போர்ட் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார், வேலை முடிந்ததும் கலியமூர்த்தி நிரப்பிக்கொள்வான். "அண்ணே, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒங்க கையெழுத்து வந்துடுதுண்ணே" என்று சிரிப்பான், இவரும் சிரித்திருக்கிறார். அவன் அளந்தேன் என்றான், நான் நம்பினேன், அப்படிச் சொல்லிவிடலாம்... சொல்லலாம்தான், ஆனால் எதைக்கொண்டு அளந்தான்? டெஸ்டர் ஒன்றே ஒன்று. அது இன்று காலைவரை இவர் அலமாரியில் இருந்தது, பெட்டியைத் துணியால் துடைத்துத்தான் திறந்தார், பழைய பேட்டரி பச்சை பிடித்துக் கிடந்தது, புதிது வாங்கிப் போட்டார், அலமாரிச் சாவி இவர் இடுப்பில். அந்த இரண்டு என்ற எண்கூட... "அந்த எடத்துல ரெண்டுன்னு போடுய்யா, எவன் வந்து கேக்கப் போறான்", யார் சொன்னது அதை?

ஐந்தாவது வாளி. முள் பத்தொன்பது. இன்னும் இறங்கும், இன்னும் நான்கு வாளி, அரைமணி நேரம் இருக்கிறது, ரோட்டில் ஒரு ஜீப் சத்தம், இல்லை, அது மண் ஏற்றிவரும் டிராக்டர்... பைப்படியில் முக்கால்வாசி நிறைந்துவிட்ட வாளியைவிட்டு நிமிர்ந்தபோது ஆதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். பிரபாவுக்குப் பக்கத்து மிஷினில் வேலை பார்ப்பவள், முழங்கைவரை களிமண், கை கழுவ வந்திருக்கிறாள். டெஸ்டரைப் பார்த்தாள், திறந்த குழியைப் பார்த்தாள். "நானும் ஒரு கொடம் கொண்டாரட்டுங்களா சார், எதுக்குங்க இம்மாந் தண்ணி?" வாய் தானாகவே சொன்னது, எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில், "குழி ஈரமா இருந்தா மிஷினு ஷாக்கு அடிக்காதும்மா." சொன்னபிறகுதான் அது காதில் விழுந்தது. முப்பது வருடமாகச் சொல்கிறார், இன்றைக்குத்தான் கேட்கிறார்... வாளி நிரம்பிவிட்டது, தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிகிறது, அதை எடுக்க வேண்டும், கை போகவில்லை. அவளும் கை கழுவவில்லை.

"அப்ப திங்கக்கெழம இத யாருங்க ஊத்தியிருக்கணும்?"