பின்வரிசைப் பச்சை

…இல்லை, கத்தியை முன்பக்கமாக விடக்கூடாது, குதிரையின் முன்னங்கால் ஊசி மாதிரி இருக்கிறது, உடைந்தால் தொலைந்தது, பின்பக்கத்திலிருந்து மெல்ல நெம்பினால் புல் அப்படியே பாலாடை போலக் கழன்று வந்துவிடும், பத்துக் குதிரை, ஒன்றுக்குக் கால் மணி, மண் ஒட்டி வண்ணம் காய ஒரு மணி, மூன்று மணிக்குள் பெட்டியைப் போட்டி நடக்கிற கிளப்பில் சேர்த்துவிடலாம், இப்போது பத்தரை, ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் வெளிச்சம் மேஜை முழுக்க விழுந்து கிடக்கிறது, வேறென்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு. மேஜையில் அவனுடைய பொம்மைப் படை நிற்கிறது, கட்டைவிரல் உயரத்தில் தொண்ணூற்றாறு பேர், எண்பத்தாறு காலாள், பத்துக் குதிரைவீரர்கள், பதினோரு வருஷமாக மீசை மீசையாக அவன் வண்ணம் பூசியவர்கள். ஒவ்வொருவனும் நிற்க ஒரு சின்ன வட்டத் தட்டு, இவர்கள் கூட்டத்தில் அதற்குப் பேஸ் என்று பெயர், வீரனைவிட அதற்குத்தான் சண்டை. டீ வடிகட்டியில் சலித்த மணல், அதன்மேல் பழுப்பு, பழுப்பின்மேல் பிரஷ்ஷில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மஞ்சள், இடது குதிகாலுக்குப் பின்னால் ஒரே ஒரு காய்ந்த புல்முடிச்சு, பின்னால்தான், பக்கத்தில் இல்லை. எண்பத்தாறு பேருக்கும் அதே. டென்டல் லேபில் நாள் முழுக்கப் பல் செய்கிறவனுக்கு இது வராமல் எப்படி? தனியாக ஒரு பல்லுக்கு நிறம் என்று ஒன்று கிடையாது, பக்கத்துப் பல்தான் அதைத் தீர்மானிக்கும், வாரத்துக்கு நாற்பது பல் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறான், வீட்டில் மட்டும் பச்சைப் புல்லில் நிற்கிற இந்தப் பத்துக் குதிரையும் சிரித்தால் தெரிகிற தங்கப்பல் மாதிரி.

போன வருஷப் போட்டியில் நடுவர் குனிந்து பார்த்தார், கிளப்பில் எல்லோரும் அளவுகோல் என்று கூப்பிடுகிற மனிதர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார், "படை ஒண்ணுதானே? முன்னாடி நிக்கிறவன் வறட்சியில, பின்னாடி நிக்கிறவன் மழையிலயா?" அவ்வளவுதான், முதல் பரிசு கைநழுவிப் போயிற்று. கோபம் வந்தது, ஆனால் அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் கோபமே. இந்த வருஷமாவது… மனைவியிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்திருக்கலாமோ? அடுத்த அறையில்தான் இருக்கிறாள், அவள் ஓட்டுகிற ஸ்கூல் வேனின் கிழிந்த சீட் உறைகளைத் தைத்துக்கொண்டு, மெஷின் ஓடுகிறது, நிற்கிறது, நிற்கும்போதெல்லாம் இவன் கை தானாகக் கத்தியை மறைக்கிறது, சொந்த வீட்டில் சொந்த மேஜையில் திருட்டு முழி.

எட்டு வருஷம் முன்னால் அவனுக்கு மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் கட்டு. குதிரைகளுக்கு வண்ணம் முடிந்திருந்தது, தட்டுகள் மட்டும் மொட்டையாக. கட்டோடு உட்கார்ந்து உர்ரென்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒருநாள் குதிரைகளைக் காணோம். அவள்தான் எடுத்துப் போயிருந்தாள். ஸ்கூல் விடும்வரை வேனில் சும்மாதானே காத்திருக்கணும், மடியில் ஒரு தட்டம், மத்தியானமெல்லாம் அதே வேலை. கடையில் வாங்கிய பச்சைப் புல்பொடி, அதற்குள்ளே சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கள், பூ எதில் செய்தாள் என்றால் பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் சீவிப்போட்ட கலர் பென்சில் தூள். பத்தையும் ஷூ பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். நல்லா இருக்கு என்றான். சொல்லிவிட்டுப் பின்வரிசையில் நிறுத்தினான். ஏன் பின்னாடி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா… எங்கே.

சரி, நெம்பு. வந்துவிட்டது, பாதிப் புல் ஒரே துண்டாக, அழகாக… இது என்ன? கீழே பழுப்பு. சலித்த மணல், பழுப்பு, மேலே மஞ்சள், இருக்கிறதா இல்லையா என்கிற அதே மஞ்சள், இடது பின்னங்குளம்புக்குப் பின்னால் காய்ந்த புல்முடிச்சு ஒன்று நசுங்கிப் படுத்திருக்கிறது. நான் செய்ததா? கையில் கட்டு இருந்ததே. அடுத்த குதிரையின் ஓரத்தைத் தூக்கினான், பழுப்பு. மூன்றாவது, அதுவும். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முடிச்சு நிற்கிற இடம்வரைக்கும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அவளுக்கு வரவில்லை, பாவம் என்றல்லவா எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான், பெரிய மனசு பண்ணி மன்னித்துவேறு விட்டிருந்தான். தெரிந்தும் எதற்கு அதை மூடினாள்?

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று அவன் கூப்பிட்டதை அவனே எதிர்பார்க்கவில்லை. மெஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவள் கத்தியைப் பார்த்தாள், உரிந்து கிடந்த புல்லைப் பார்த்தாள், அவள் முகம் ஒரு நொடி மூடிக்கொண்டதை அவனும் பார்த்தான்.

"உரிக்கிறீங்களா" என்றாள்.

"கீழ என்னோட மாதிரியே இருக்கே."

"முதல்ல அப்படித்தான் செஞ்சேன், பத்துக்கும். செஞ்சு டேஷ்போர்டுல வரிசையா வெச்சுப் பார்த்தா, குதிரைங்களுக்குத் தின்ன ஒண்ணுமே இல்ல. அதான் மேல கொஞ்சம் புல்லு போட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் நல்லா இருக்குன்னுட்டீங்களே" என்றாள். பிறகு, "உங்களுக்கு எது சரியோ செய்யுங்க, போட்டிக்கு நேரமாகுதில்ல" என்று போய்விட்டாள், மெஷின் உடனே ஓடவில்லை.

தின்ன ஒன்றுமே இல்லை. பதினோரு வருஷம், குதிரையின் மூக்குத்துவாரம்வரை வண்ணம் பூசியவன், அது எதைத் தின்னும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கரித்தது. பசையைத் தொட்டுப் புல்லை அதன் இடத்திலேயே வைத்து அமுக்கினான், மூன்றுக்கும். பத்துக் குதிரைகளையும் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான், தள்ளி நின்று பார்த்தான், வறண்ட தரையைத் தாண்டி எண்பத்தாறு பேரும் புல்லைப் பார்த்து நடந்துவருகிற மாதிரி இருந்தது. அளவுகோல் ஒப்புக்கொள்வாரா? மாட்டார், அவருக்கு எல்லாத் தட்டும் ஒன்றுபோல இருக்கணும். போகட்டும், பரிசு போனால் போகிறது. பெட்டியில் பஞ்சு வைக்கப் போனவனுக்கு ஜன்னல் திரை கண்ணில் பட்டது, போன வருஷம் அவள் தைத்து மாட்டியது, ஓரத்தில் ஏதோ பின்னல்வேலை, அது இலையா அலையா, இத்தனை நாளில் பார்த்ததே இல்லை, மாட்டிய அன்றைக்கு அவள் ஸ்டூலில் நின்றபடி திரும்பிப் பார்த்தாளே, அப்போதும் அவன் நல்லா இருக்கு என்றுதான் சொல்லியிருந்தான்.