ஜெபக்கூட்டத்தில் ஃப்ளோரா சொன்னது

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. மராத்தி பேசும் ஊரான வானவடியில் ஒருத்தி நாலு பேர் நடுவே வாய்திறந்த கதையைச் சொல்கிறேன்.

ஃப்ளோராவுக்கு வலது அக்குளில் வலி. பள்ளியில் போர்டில் எழுதி எழுதி வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்தாள். பிறகு புது சென்ட்டின் மேல் பழி போட்டாள். ஒருநாள் குளிக்கையில் புளியங்கொட்டை அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினால் நகரவில்லை. மாதமாகியும் கரையவில்லை. டாக்டரிடம் போனால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டுமே என்ற கூச்சம், வலியை விடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். அங்கே எந்த நோய்க்கும் ஒரே பெயர்தான்: சரீர பெலவீனம். மூலமும் அதுதான், மூட்டுவலியும் அதுதான். கணவர் தேவநேசன் தொண்டையைச் செருமினார்.

"நம்ம ஃப்ளோராவுக்குக் கொஞ்சம் சரீர பெலவீனம்..."

"கக்கத்துல கட்டி," என்றாள் ஃப்ளோரா. "வலியும் இருக்கு."

ஆண்கள் தரைவிரிப்பின் பூக்களை எண்ணத் தொடங்கினார்கள். தேவநேசனின் காது சிவந்தது. "ஏ ஃப்ளோரா, எல்லாரும் இருக்காவ..."

"எங்க வலிக்குன்னு கர்த்தருக்குத் தெரியும். இவியளுக்கும் தெரியட்டுமே. நாளைக்கு டாக்டர்ட்ட போறேன். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

அத்தனை கூச்சத்தையும் மீறிச் சொல்லிவிட்டாளே! அதைத் துணிச்சல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

டீ ஊற்றப் போனவளின் பின்னாலேயே மேல்மாடி ப்ரீத்தி வந்தாள், கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண். "டீச்சர், எனக்குமே இருக்குதுங்க. வலியே இல்லீங்க, அதனால உட்டுட்டேன்."

"வலிக்கலன்னா விட்டுருவியாட்டி? காலைல கீழ வந்து நில்லு. ரிக்‌ஷா நான் பிடிக்கேன்."

டாக்டரம்மா இருவரையும் தொட்டுப் பார்த்தார். தசைப்பிடிப்பு, ரேசர் பட்ட புண், ஏதோ காய்ச்சலில் வந்த நெறிக்கட்டு, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கரையாத கட்டியை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும். வலியோடு நெஞ்சும் இறுகினால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். இருவருக்கும் ஸ்கேன் எழுதினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, இரண்டு பெண்களின் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு தேவநேசன் உட்கார்ந்திருந்தார். ஃப்ளோராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போக, கதவு மூடியது. பக்கத்திலிருந்த மராத்திக்காரர், மனைவிக்கு என்னவென்று இந்தியில் கேட்டார். தேவநேசன் ஒரு நொடி தயங்கினார். பிறகு எல்லார் முன்னாலும் தம் வலது கையை உயரத் தூக்கி, அக்குளைத் தொட்டுக் காட்டினார்.

உங்கள் வீட்டில் யாருக்கும் நோவு வராதிருக்கட்டும், செல்லங்களே. வந்தால், சொல்ல ஒரு வாயும், முகம் திருப்பாமல் கேட்க ஒரு காதும் அந்த வீட்டில் இருக்கட்டும்.